யாரும் கேட்டு வராத கார்

மாப்பிள்ளை வீட்டார் கார் கேட்கவில்லை. ஏரலிலிருந்து வந்திருந்த அவர்கள் எதையுமே கேட்கவில்லை. பையனின் தகப்பனார் சுந்தர்சிங் ஏரல் பஜாரில் பலசரக்குக் கடை வைத்திருப்பவர். கருப்பட்டிக் காப்பியைக் குடித்து முடித்து, தம்ளரைக் கீழே வைத்துவிட்டு, "எங்களுக்கு உங்க பிள்ளை போதும் சார். ஐயர்ட்ட பேசி கோயில்ல ஓலை வாசிக்க ஏற்பாடு பண்ணிருவோம்" என்று சொல்லி எழுந்துகொண்டார். சர்ச் பாதிரியாரைத்தான் ஐயர் என்றார்; ஓலை என்றது சர்ச்சில் வாசிக்கும் கல்யாண அறிவிப்பை.

வேறு யாராக இருந்தாலும் அந்த வார்த்தைக்குச் சந்தோஷப்பட்டிருப்பார்கள். கிருபாகரனுக்கு முகம் சுருங்கிவிட்டது. அவர் நாசரேத்துக்காரர். வாத்தியார் வேலைக்குத் தூத்துக்குடி வந்து, முத்தையாபுரத்தில் வீடு கட்டி, தலைமையாசிரியராக ஓய்வு பெற்றவர். வந்தவர்கள் தெருமுனை தாண்டும்வரை வாசலில் நின்று கையசைத்துவிட்டு, உள்ளே வந்து உட்கார்ந்தார்.

"மூத்தவளுக்குக் காரும் நகையுமா குடுத்து அனுப்பினோம். இளையவள வெறுங்கைய வீசிக்கிட்டு அனுப்பினா ஊர்ல என்ன பேசுவாங்க?"

"அவியதான் ஒண்ணும் வேண்டாம்னுட்டுப் போறாவளே" என்றாள் அவர் மனைவி ஜீவமணி.

"வேண்டாம்னு சொன்னது அவிய பெருந்தன்மை. நாம குடுக்காம இருந்தா அது நம்ம பெருந்தன்மையா?"

சொல்லிவிட்டு ஜன்னல் வழியாக வீட்டை ஒட்டிக் கூரை இறக்கியிருந்த சாய்ப்பைப் பார்த்தார். அவர் எதைப் பார்க்கிறார் என்று ஜீவமணிக்குத் தெரிந்தது. கல்யாணப் பெண் ஜெபசுதாவுக்கும் தெரிந்தது. அடுக்களையில் தம்ளர் கழுவிக்கொண்டிருந்த மூத்தவள் ஜெஸ்மிக்குப் பார்க்காமலேயே தெரிந்தது.

"சும்மாதான நிக்கி" என்றார் கிருபாகரன்.

தண்ணீர் விழும் சத்தம் நின்றது. ஜெஸ்மி சேலைத் தலைப்பில் கையைத் துடைத்தபடி வெளியே வந்தாள்.

"குடுங்கப்பா. ஆனா அது கெடக்க கெடையில அப்படியே தூக்கிக் குடுக்க முடியாது. நான் பாத்துச் சரி பண்ணுதேன்."

ஜீவமணி மகள் முகத்தைப் பார்த்துவிட்டு வேறு பக்கம் திரும்பிக்கொண்டாள்.

அது ஜெஸ்மியின் கல்யாணத்துக்கு வாங்கிய கார். அடர்சிவப்பு. மாப்பிள்ளை பெனிஸ்டன் சாத்தான்குளத்தில் தகப்பனாரோடு ஹார்டுவேர் கடை பார்த்துக்கொண்டிருந்தான். வழக்கம்போல மாப்பிள்ளை பெயரிலேயே காரைப் பதிவு செய்து கொடுத்தார்கள். கல்யாணமான புதிதில், கடை அடைத்த ஞாயிற்றுக்கிழமைகளில், அவன் அவளை உடன்குடி ரோட்டுக்குக் கூட்டிப்போய் ஓட்டக் கற்றுக்கொடுத்தான். இரண்டு பக்கமும் செம்மண்ணும் பனையுமாக இருக்கிற ரோடு அது. அவள் கியரை மாற்றத் திணறும்போதெல்லாம் அவன் திட்டியதில்லை. "பதறாத, வண்டி ஒன்னய விட்டுட்டு எங்கயும் போயிராது" என்பான்.

அந்த வீட்டில் அடியும் இல்லை, குடியும் இல்லை. இருந்திருந்தால் பின்னால் சொல்லிக்கொள்ள ஒரு காரணமாவது இருந்திருக்கும். முதல் கரு தங்கவில்லை. அழுதார்கள், தேற்றிக்கொண்டார்கள். இரண்டாவது, வயிறு நன்றாகத் தெரிந்த பிறகு போயிற்று. அதற்கப்புறம் இரண்டு பேருக்கும் அழக்கூட வரவில்லை. அவன் கடையை அடைத்துவிட்டு வர நேரமாக்கினான். அவள் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தாள். மாமியார் யாரைப் பார்த்தும் பேசாமல், பொதுவாக, டாக்டர்களின் பெயர்களைச் சொல்லிக்கொண்டிருந்தாள்.

அந்தக் கிறிஸ்மஸுக்கு ஜெஸ்மி தானே காரை ஓட்டிக்கொண்டு தாய்வீடு வந்தாள். கடையில் வருஷக் கடைசிக் கணக்கு இருந்ததால் பெனிஸ்டன் வரவில்லை. பண்டிகை முடிந்ததும் போன் செய்து, "இன்னும் கொஞ்ச நாள் இருந்து ஒடம்பத் தேத்திக்கிட்டு வா" என்றான். சரி என்றாள். கொஞ்ச நாள் என்றால் எத்தனை நாள் என்று அவனும் சொல்லவில்லை, அவளும் கேட்கவில்லை. கூப்பிடட்டும் என்று இருந்தாள். புது வருஷம் போய், லெந்து நோன்புக் காலம் போய், ஈஸ்டரும் போயிற்று. போன் குறைந்து, பண்டிகைக்கு மட்டும் என்றாகி, பிறகு அதுவும் இல்லாமல் போனது. அப்படியே நான்கு வருஷம்.

சாத்தான்குளத்திலிருந்து ஒருவரும் காரைக் கேட்டு வரவில்லை. "காரக் கேட்டா பிள்ளையையும் கேக்கணும்லா, அதான் பேசாம இருக்காவ" என்று நாசரேத்துச் சொந்தக்காரர்கள் சொன்னார்கள். ஜெஸ்மி அதை வேறு மாதிரி எடுத்துக்கொண்டாள். அவன் பெயரில் உள்ள கார் தன் வீட்டுச் சாய்ப்பில் நிற்கிறது. அவன் அதைத் திருப்பிக் கேட்கவில்லை. அப்படியானால் இன்னும் எதுவும் முடியவில்லை. இதை அவள் யாரிடமும் சொன்னதில்லை. துறைமுகத்துப் பக்கம் ஒரு கன்டெய்னர் யார்டு ஆபீஸில் வேலைக்குச் சேர்ந்து, ஸ்கூட்டரில் போய்வந்துகொண்டிருந்தாள். காரை மட்டும் தொடவில்லை.

முத்தையாபுரத்துக் காற்றில் எந்த வாகனமும் தப்பாது. ஒரு பக்கம் உப்பளம், ஒரு பக்கம் துறைமுகம். நிலக்கரி லாரிகள் போன தடத்தில் கறுப்புத் தூசி பறந்து கொடியில் காயும் வேட்டியில் படியும். கீழ்க்காற்றான கொண்டல் வீசினால் உப்பு, மேல்காற்றான கச்சான் வீசினால் மண். கிருபாகரன் ஒரு தார்ப்பாயை வாங்கிக் காரின் மேல் போர்த்திக் கயிறு கட்டிவைத்திருந்தார். காரைக் காப்பாற்றவா, தெருவில் போகிறவர்கள் கண்ணில் படாமல் இருக்கவா என்று கேட்டால் அவருக்கே சொல்லத் தெரியாது.

அந்தப் பாயை அவிழ்த்த அன்று முத்துச்செல்வி கூட இருந்தாள். உடன்குடிப் பக்கத்துப் பெண். அவளும் அவள் அண்ணன் செல்லப்பாண்டியும் துறைமுகச் சாலையில் வாட்டர் வாஷ் வைத்திருந்தார்கள். ஜெஸ்மி ஸ்கூட்டரைக் கழுவ விடும் இடம். ஜெஸ்மியைவிட நாலைந்து வயது இளையவள், வாய் ஓயாமல் பேசுகிறவள். காரைப் பார்த்ததும் உதட்டைப் பிதுக்கினாள்.

சிவப்பு என்று சொல்ல முடியாது. பழைய செங்கல் தூளைக் குழைத்துப் பூசினதுபோல் வெளுத்துக் கிடந்தது. கூரையில், பாய் போடும் முன்பே விழுந்த பறவை எச்சம் அரித்த வட்டங்கள். நாலு சக்கரமும் காற்றிறங்கித் தரையோடு ஒட்டியிருந்தன. முத்துச்செல்வி பையிலிருந்து ஒரு மெல்லிய கேரி பேக்கை எடுத்துக் கையில் மாட்டிக்கொண்டு பானெட்டைத் தடவினாள். பிறகு அதை ஜெஸ்மியிடம் கொடுத்தாள்.

"தடவிப் பாருங்க யக்கா. வெறுங்கைக்குத் தெரியாது, இதுல தெரியும்."

உப்புத்தாளைத் தடவுவதுபோல் இருந்தது.

"வெயிலு கெடுத்ததவிட இந்தப் பாயி கெடுத்ததுதான் ஜாஸ்தி" என்றாள் முத்துச்செல்வி. "தூசியோட மூடிப் போட்டிருக்கீங்க. கச்சான்ல பாயி ஆடி ஆடி, அந்தத் தூசிய வச்சே தேச்சு எடுத்திருக்கு."

"அப்பம் மூடாம விட்டிருக்கணுமோ?"

"மூடலாம். கழுவிட்டு மூடணும். அப்பப்பத் தொறந்து பாக்கணும். மூடிட்டம்லான்னு இருந்துட்டா இப்படித்தான்."

"புதுசா பெயின்ட் அடிச்சாத்தான் ஆகுமா?"

முத்துச்செல்வி குனிந்து கதவோரத்தைப் பார்த்தாள். "அடிக்காண்டாம். மேல உள்ள கிளியர் கோட்டு இன்னும் உரியல. செத்தது மேல்தோலுதான். மெஷின் வச்சு அத லேசா எடுத்தா அடியில நெறம் இருக்கு. எங்க கடைல விடுங்க, அண்ணன் செஞ்சிருவான்."

"இல்ல, நான் செய்யணும். எனக்குச் சொல்லிக்குடு."

"நீங்களா? தோள்பட்ட கழண்டுரும் யக்கா."

"கழளட்டும்."

அவளுக்கு ஜெஸ்மியின் கதை தெரியும். மேற்கொண்டு ஒன்றும் கேட்கவில்லை. மறுநாள் சாயங்காலம் ஆட்டோவில் பாலிஷ் மெஷினையும், உடைசல் கடையிலிருந்து ஒரு பழைய பானெட்டையும் கொண்டுவந்து இறக்கினாள். "மொதல்ல இதப் போட்டுக் கெடுங்க. கார்ல கை வைக்கது அப்புறம்."

முதல் நாள் மெஷின் ஜெஸ்மியின் கையில் நிற்கவில்லை. சுவிட்சைப் போட்டதும் ஆட்டுக்குட்டி மாதிரித் துள்ளி, பாலிஷ் மருந்தை அவள் முகத்திலும் சுவரிலும் தெளித்தது. ஜெபசுதா விழுந்து விழுந்து சிரித்தாள். அந்த வீட்டில் அப்படி ஒரு சிரிப்புச் சத்தம் கேட்டு வெகுநாளாயிற்று என்று ஜீவமணி அடுக்களையிலிருந்து எட்டிப் பார்த்தாள்.

"பஞ்சுப் பேடத் தகரத்துல வச்சுட்டு அப்புறமா சுவிட்சப் போடணும்" என்றாள் முத்துச்செல்வி. "அமுக்காதீங்க. மெஷின் வெயிட்டு போதும். படுக்கையா வச்சு, வயல்ல உழுகாப்ல ஒரு சால் மேல பாதி மறு சால் ஏறணும். ஒரே எடத்துல நிக்காதீங்க, சூடு ஏறிரும். அப்பப்பப் புறங்கைய வச்சுப் பாத்துக்கிடுங்க."

"ரொம்ப எடுத்துட்டா?"

"எடுத்தது எடுத்ததுதான் யக்கா. திரும்ப வைக்க முடியாது. அதனாலதான் கொஞ்சமா எடுத்துட்டு, தொடச்சுப் பாத்துட்டு, போதும்னா விட்டுறணும்."

ஆபீஸ் விட்டு வந்தபிறகு சாயங்காலங்களிலும், ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்குப் போய்வந்த பிறகும் ஜெஸ்மி சாய்ப்பே கதியென்று கிடந்தாள். பழைய பானெட்டில் ஒரு இடத்தில் இரும்பு தெரிகிற வரைக்கும் தேய்த்துக் கெடுத்தாள். இன்னொரு இடத்தில் மாவு மாதிரி மருந்து காய்ந்து ஒட்டிக்கொண்டது. கை பழகப் பழக, மெஷினின் சத்தத்தை வைத்தே பேடு சரியாக உட்கார்ந்திருக்கிறதா என்று தெரிய ஆரம்பித்தது. அதற்குப் பிறகுதான் காரைத் தொட்டாள்.

முதலில் நன்றாகக் கழுவினாள். வாளி வாளியாகக் கறுப்புத் தண்ணீர் வாசல் வழியாக ஓடியது. அப்புறம் களிமண் போலிருந்த ஒரு கட்டியைச் சோப்புத் தண்ணீர் தெளித்துத் தெளித்து மேலே உருட்டினாள். கழுவியும் போகாத துகள்களெல்லாம் அதில் ஒட்டிக்கொண்டு வந்தன. கட்டியை மடித்து மடித்து உருட்டி, கேரி பேக் போட்டுத் தடவினால் கண்ணாடியாக வழுக்குகிறவரை விடவில்லை. ரப்பர் ஓரங்களுக்கும் விளக்குகளுக்கும் டேப் ஒட்டினாள். பானெட்டின் மூலையில், ஒரு புத்தகம் அளவு இடத்தில், சொட்டுச் சொட்டாக மருந்தை வைத்து மெஷினை ஓட்டித் துணியால் துடைத்தாள்.

அந்த இடத்தில் மட்டும் சிவப்பு வந்திருந்தது. கல்யாணத்தன்று நாசரேத்துக் கோயில் வாசலில் நின்ற அதே சிவப்பு. சுற்றிலும் வெளுப்பு, நடுவில் அது. ஜெஸ்மி துணியைக் கையில் பிடித்தபடியே பார்த்துக்கொண்டு நின்றாள். உள்ளே இத்தனை காலமும் அது இருந்திருக்கிறது.

அதற்கப்புறம் அவளைத் தடுக்க முடியவில்லை. பானெட் முடிந்தது, கூரை முடிந்தது, ஒரு பக்கத்துக் கதவுகள் முடிந்தன. தோள்பட்டை வீங்கியது. ஜீவமணி ராத்திரிச் சாப்பாட்டுக்குமுன் தைலம் தேய்த்துவிடும்போது, "எதுக்குளா இப்படி உயிர விடுத? அவன் பேருல உள்ளதத் தேச்சுத் தேச்சு உனக்கு என்ன கெடைக்கப் போவுது?" என்றாள். ஜெஸ்மி கண்ணை மூடிக்கொண்டாள்.

பின்கதவு ஓரத்தில்தான் அந்தத் தப்பு நடந்தது. மடிப்பான விளிம்பில் மெஷின் கொஞ்சம் கூடுதலாக நின்றுவிட்டது. துடைத்துப் பார்த்தால் நகமளவு இடத்தில் சிவப்பு போய், அடியிலிருந்த சாம்பல் பூச்சு தெரிந்தது. ஜெஸ்மி முத்துச்செல்விக்குப் போன் போட்டாள். "கதவோரத்துல..." என்றதுமே அழுதுவிட்டாள்.

"யக்கா, ஓரத்துல சுட்டுட்டீங்களா? எல்லாரும் சுடுவாங்க. நான் ஒரு டாக்டர் வண்டில சுட்டுட்டு அண்ணன்ட்ட அடி வாங்கிருக்கேன். டச்சப் பண்ணிக்கிடலாம். அழாதீங்க."

"அவிய பாத்தா என்ன சொல்லுவாவன்னு..." என்று ஜெஸ்மி தொடங்கி, நிறுத்திக்கொண்டாள்.

பக்கத்தில் நின்ற ஜெபசுதாவுக்கு அது காதில் விழுந்தது. போனை வைக்கும்வரை காத்திருந்தாள்.

"அக்கா, எனக்கு இந்தக் கார் வேண்டாம். அப்பாட்ட நான் சொல்லிருதேன்."

"ஏன், ராசியில்லாத கார்ங்கியா?"

"சீ. உன் கார்ல நான் எப்படிப் போய் உக்காருவேன்?"

"என் கார் இல்ல சுதா. அவிய பேருல உள்ள கார். மாத்தணும்னா அவிய வந்து கையெழுத்துப் போடணும்."

ஜெபசுதா அக்காவின் முகத்தையும் பளபளக்கும் கதவையும் மாறி மாறிப் பார்த்தாள். "அதுக்காகவா அக்கா இப்படித் தேய்க்க?"

ஜெஸ்மி பேடைக் கதவில் வைத்துச் சுவிட்சைப் போட்டாள்.

கிருபாகரன் சாத்தான்குளத்துக்குப் போன் செய்தார். பேசிவிட்டு, "சனிக்கிழமை வாரேன்னு சொன்னான். மறுபேச்சே பேசல" என்றார். அவர் அதை ஒரு நல்ல செய்தியாகச் சொன்னார். மறுபேச்சு பேசாதது ஜெஸ்மிக்கு என்னவோ செய்தது. ஆனாலும் வெள்ளிக்கிழமை லீவு போட்டு மெழுகுப் பூச்சு கொடுத்து முடித்தாள். புது பேட்டரி போட்டு, டயர் மாற்றி, வண்டி ஒரு உறுமலில் கிளம்பியபோது தெருவே வந்து பார்த்தது.

சனிக்கிழமை ஜீவமணி மீன் மார்க்கெட்டுக்குத் தானே போய் ஊளி மீன் வாங்கிவந்தாள். மருமகனுக்குப் பிடித்த மீன். தேங்காய் அரைத்துக் குழம்பு வைத்து, முட்டையும் பொரித்தாள். ஜெஸ்மி ஒரு நீலச் சேலையைக் கட்டி, அவிழ்த்து, வீட்டில் எப்போதும் கட்டுவதையே கட்டிக்கொண்டாள்.

பெனிஸ்டன் மத்தியானம் பஸ்ஸில் வந்து இறங்கினான். கையில் முதலூர் மஸ்கோத் அல்வாப் பெட்டி. காதோரம் நரைத்திருந்தது. "வாங்க" என்றாள் ஜெஸ்மி. "ம்" என்றான். சாப்பாட்டுக்கு உட்கார்ந்தான். ஜீவமணி நேற்றுத்தான் போனவனுக்குப் போடுவதுபோலப் போட்டாள். "இன்னுங் கொஞ்சம் குழம்பு ஊத்தட்டா?" "போதும் அத்தை." "நீங்க இம்புட்டுத்தான் சாப்பிடுவீங்களா?" சாப்பிட்டு முடித்து, மாமனார் நீட்டிய கார் காகிதங்களில் அவர் காட்டிய இடங்களிலெல்லாம் கையெழுத்துப் போட்டான். ஒன்றைக்கூட வாசித்துப் பார்க்கவில்லை. பிறகு, "வண்டியப் பாக்கட்டுமா மாமா?" என்று கேட்டு எழுந்தான்.

ஜெஸ்மி ஏற்கெனவே சாய்ப்பில் நின்றிருந்தாள். அவன் காரை ஒரு சுற்று சுற்றி வந்தான்.

"யாரு பாலிஷ் போட்டது?"

"நான்தான்."

"நீயா?"

"முத்துச்செல்வின்னு ஒரு பிள்ளை சொல்லிக்குடுத்தா."

பானெட்டில் கையை வைத்து, கைரேகை விழுமோ என்று எடுத்துக்கொண்டான். "வாங்கினப்ப இருந்தாப்ல இருக்கு."

"அப்படித்தான் தெரியும். மேல இருந்து கொஞ்சம் எடுத்திருக்கு."

கடை எப்படிப் போகிறது என்று கேட்டாள். போகுது என்றான். அத்தைக்கு எப்படி என்று கேட்டாள். முட்டுவலி என்றான். தெருவில் ஒரு லாரி போய், அதன் சத்தம் அடங்கியது.

"இந்தக் காரையாவது கேட்டு வருவீங்கன்னு இருந்தேன்" என்றாள் ஜெஸ்மி.

"கார நான் எதுக்குக் கேக்கணும்? நீ ஓட்டிக்கிட்டு வருவேன்னுல்லா இருந்தேன்."

அவள் நிமிர்ந்து பார்த்தாள்.

"சாயங்காலம் கடைல இருக்கும்போது செவப்பா எந்தக் கார் திரும்பினாலும் எந்திச்சுப் பாப்பேன். அப்பா ஏசுவாவ. ஒரு வருஷத்துக்கு மேல அப்படிப் பாத்தேன்."

"ஒரு வார்த்த கூப்பிட்டிருக்கலாம்லா."

"நீ கோவிச்சிட்டுப் போகலையே ஜெஸ்மி. கோவிச்சிட்டுப் போனவளத்தான கூப்பிடணும். மனசு ஆறட்டும், ஆறினா வருவான்னு நெனச்சேன். வரலைன்னதும், என்னப் பாத்தா அதெல்லாம் ஞாபகம் வரும்போல, அதான் வரமாட்டேங்கான்னு நெனச்சேன். கேக்கப் பயமா இருந்துச்சு."

"எனக்கும் பயமாத்தான் இருந்துச்சு. நீங்க கூப்பிடாம நான் வந்து நின்னு, நீங்க ஏன் வந்தேன்னு பாத்துட்டா..."

அவள் கையிலிருந்த துடைக்கிற துணியை மடித்தாள், விரித்தாள், மறுபடியும் மடித்தாள். பிறகு அவன் முகத்தைப் பார்க்காமல் கேட்டாள்.

"இப்பம் வந்தா?"

பெனிஸ்டன் சாய்ப்புத் தூணைப் பிடித்துக்கொண்டான்.

"இப்பம் வேண்டாம் ஜெஸ்மி."

"சரி."

"உடன்குடில ஒரு இடம் சொன்னாவ. அவுங்க வீட்டுக்காரரு தவறிட்டாரு. ஒரு பொம்பளப் பிள்ளை இருக்கு. நான் ரொம்ப நாள் வேண்டாம்னுதான் இருந்தேன். போன மாசம் சரின்னுட்டேன். அந்தப் பிள்ளை இப்பம் கடைக்கு வந்து அப்பான்னு கூப்பிடுது." தூணின் சுண்ணாம்பை நகத்தால் சுரண்டினான். "வக்கீல வச்சு முறையா முடிக்கணும். உன்ட்ட எப்படிச் சொல்லன்னு தெரியாம இருந்தேன். மாமா போன் பண்ணவும், நேர்லயே சொல்லிருவோம்னு வந்தேன்."

"அந்தப் பிள்ளை பேரு என்ன?"

"ரம்யா."

"என்ன படிக்கி?"

"யூகேஜி."

ஜெஸ்மி தலையாட்டினாள். "வக்கீல் எங்க போடச் சொல்லுதாரோ அங்க கையெழுத்துப் போட்டுருதேன். நீங்க அலையாண்டாம், ஆள்கிட்ட குடுத்து விடுங்க" என்றாள்.

அவன் வீட்டு வாசலுக்குப் போனான். ஜீவமணி பின்னாலேயே வந்து, "இனி எப்பம் வருவீங்க?" என்று கேட்டாள். அந்த அம்மாளுக்கு இன்னும் ஒன்றும் தெரியாது. விடைபெறும்போது 'போறேன்' என்று சொல்லி வழக்கமில்லை. ஆகவே அவன், "வாரேன் அத்தை" என்றுதான் சொல்லவேண்டியிருந்தது.

கொஞ்ச நேரத்தில் சாய்ப்பில் மெஷின் ஓடும் சத்தம் கேட்டது. எல்லாம் முடிந்ததென்றாளே, இன்னும் எதைத் தேய்க்கிறாள் என்று ஜீவமணி போய்ப் பார்த்தாள். ஜெஸ்மி தரையில் உட்கார்ந்திருந்தாள். மெஷின் எதிலும் படாமல் அவள் மடியில் சுற்றிக்கொண்டிருந்தது. அந்தச் சத்தத்துக்குள் அவள் வாய்விட்டு அழுதுகொண்டிருந்தாள். ஜீவமணி சுவிட்சை அணைக்கப் போனவள், அணைக்காமல் மகளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டாள்.

ஜெபசுதாவின் கல்யாணம் நாசரேத்தில் நடந்தது. மாப்பிள்ளை டிக்சன் நல்ல பையன். சிரிக்கும்போது கண் மூடிக்கொள்ளும். மாலை சுற்றிய காரைப் பார்த்து, "புதுசா சார்?" என்று பலர் கேட்டார்கள். கிருபாகரன் எல்லோரிடமும் புன்னகை மட்டும் செய்தார். ஒருவர் மட்டும் விடாப்பிடியாக, "பெனிஸ்டன் வரலியா?" என்று கேட்டபோது, "வேலை" என்றார். பிரியாணிப் பந்தலில் ஜெஸ்மி கடைசிவரை பரிமாறினாள்.

இரண்டு மாதம் கழித்து, கடைச் சரக்கு எடுக்க டிக்சன் கோயம்புத்தூர் போகவேண்டியிருந்தது. ஜெபசுதாவைக் காரோடு முத்தையாபுரத்தில் விட்டுவிட்டு ரயிலேறினான். திரும்பி வந்து ஏரலுக்குப் போனவன், கடையில் வேலை குவிந்துகிடப்பதாகப் போனில் சொன்னான். "அவசரம் இல்ல சுதா, அம்மா கூட இரு. மெதுவா வா."

ஜெபசுதா சந்தோஷமாக அதை அம்மாவிடம் சொல்லிக்கொண்டிருந்தாள். ஆபீஸிலிருந்து அப்போதுதான் வந்த ஜெஸ்மி, ஸ்கூட்டர் சாவியை ஆணியில் மாட்டிவிட்டுக் கார் சாவியை எடுத்தாள்.

"பைய எடு."

"எங்கக்கா?"

"உன் வீட்டுக்கு."

"அவுங்க நல்லாத்தான் பேசினாங்க. இன்னும் நாலு நாள் இருந்தா என்ன? அம்மா நண்டு வாங்கணும்னு சொல்லுதா."

"நண்டு அங்கயும் கிடைக்கும். பைய எடுளா."

ஜெபசுதா அம்மாவைப் பார்த்தாள். ஜீவமணி உள்ளே போய், மகளின் துணிகளை மடித்துக்கொண்டு வந்தாள்.

நான்கு வருஷத்துக்கும் மேலாகியிருந்தது ஜெஸ்மி கார் ஓட்டி. கை மறக்கவில்லை. உப்பளங்கள் போய் வாழைத்தோட்டங்கள் வந்தன. ஆற்றுப் பாலத்தில் வெயில் சாய்ந்துகிடந்தது. ஜெபசுதா வழியெல்லாம் முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டு வந்தாள்.

"உனக்கு நடந்ததெல்லாம் எனக்கும் நடக்குமாக்கும்" என்று பாலத்தைத் தாண்டும்போது கேட்டுவிட்டாள். கேட்ட உடனே, "அக்கா, நான் வேணும்னு சொல்லல" என்று ஜெஸ்மியின் தோளைத் தொட்டாள்.

"நடக்காது. ஆனா எனக்கும் என்ன நடந்துச்சு? ஒண்ணுமே நடக்கலையே. அவிய கூப்பிடட்டும்னு நான் இருந்தேன். நான் வரட்டும்னு அவிய இருந்தாவ. அம்புட்டுத்தான் நடந்துச்சு." ஒரு சைக்கிள்காரருக்கு ஒதுங்கி வழிவிட்டாள். "நீ எங்க வேணும்னாலும் போ, எத்தன நாள் வேணும்னாலும் இரு. ஆனா கூப்பிடட்டும்னு மட்டும் உக்காந்திராத."

ஏரல் பஜாரில் காரைப் பார்த்ததும் டிக்சன் கல்லாவை விட்டு இறங்கி ஓடிவந்தான். "சொல்லவே இல்லியே, சொல்லவே இல்லியே" என்று இரண்டு தரம் சொன்னான். கண் மூடிக்கொண்டது. அதைப் பார்த்த ஜெபசுதாவுக்குக் கோபமெல்லாம் எங்கே போயிற்றென்று தெரியவில்லை. சுந்தர்சிங் கலர் வாங்கிவரச் சொல்லி ஆளை அனுப்பினார். ஜெஸ்மி ஒரு வாய் குடித்துவிட்டு, சாவியை டிக்சன் கையில் கொடுத்துவிட்டுக் கிளம்பினாள். கொண்டுவந்து விடுகிறேன் என்றவனை வேண்டாமென்று நிறுத்திவிட்டு, பஸ் ஸ்டாண்டுக்கு நடந்தாள்.

தூத்துக்குடி பஸ் இல்லை. பள்ளிப் பிள்ளைகளும் சந்தைக்கு வந்தவர்களும் மூட்டையோடு நின்றார்கள். ஒரு பஸ் வந்து அவள் எதிரிலேயே நின்றது. கண்டக்டர் படியில் தொங்கியபடி, "நாசரேத், சாத்தான்குளம், சாத்தான்குளம்" என்று கூப்பிட்டார். ஆட்கள் அவளை உரசிக்கொண்டு ஏறினார்கள். ஜன்னலோரம் ஒரு இடம் காலியாக இருந்தது. அவள் நகராமல் நின்றாள்.

"யம்மா, சாத்தான்குளமா? ஏறுங்க, இடம் கெடக்கு."

"இல்லண்ணாச்சி. தூத்துக்குடி."

"அது வர நேரம் ஆகும்மா."

"பரவால்ல."

கண்டக்டர் விசில் கொடுத்தார். பஸ் கடைகளைத் தாண்டித் திரும்பி, புழுதியும் அடங்கிய பிறகுதான் அவள் உட்கார இடம் தேடினாள்.